தொண்டை வலி என்று எழுதப்பட்டது

என் அக்காவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்தபோது வயது 66. வெட்டியெடுத்த பகுதியைச் சோதித்ததில் இரண்டு நிணநீர்க் கணுக்களிலும் புற்றணுக்கள் இருப்பது தெரிந்ததால், மூன்றாம் நிலை என்று சொல்லிக் கீமோ சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். அன்றிலிருந்து 14 நாளுக்குக் காலையும் மாலையும் கேப்சிடபின் மாத்திரை. பிறகு ஒரு வாரம் ஓய்வு. அக்காவுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும் என்றாலும், உடம்பில் நடப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் நான் கூடவே போனேன்.

முதல் சுற்று முடிந்து இரண்டாவதற்குப் போனபோது, இடையில் என்ன தொந்தரவு இருந்தது என்று மருத்துவர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, “குளிர்ந்த தண்ணி குடிச்சா தொண்டை அடைக்குது தம்பி, மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கு,” என்றார். நான் அதை ஆங்கிலத்தில் ‘தொண்டை வலி’ என்று சொன்னேன். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார், காய்ச்சல் வந்ததா என்று கேட்டார், இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்தார், பிறகு கணினியில் குறிப்பை எழுதினார். அவர் செய்தது அனைத்தும் நான் சொன்ன சொல்லுக்குப் பொருத்தமானதே. மூன்றாவது சுற்றுக்கு மருந்து ஏற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது தமிழ் பேசும் தாதி ஒருவர், “ஃபிரிட்ஜுக்குள்ள கை விட்டா எப்படிம்மா இருக்கு?” என்று தாமாகவே கேட்டார். “பூச்சி ஊர்ற மாதிரி, அப்புறம் ஊசி குத்துற மாதிரி இருக்கு,” என்றார் அக்கா. ஆக்சாலிபிளாட்டின் மருந்து நரம்புகளைக் குளிருக்குக் கூச வைக்கிறது, தொண்டை அடைப்பதுபோல் தோன்றுவதும் அதனால்தான், மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை, சில நாளுக்கு வெதுவெதுப்பான தண்ணீரையே குடியுங்கள், குளிர்பதனப் பெட்டியைத் திறக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஆறு வாரமாக அக்கா தூக்கமில்லாமல் சுமந்த பயம் ஐந்து நிமிடத்தில் இறங்கியது.

நான் 29 ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீடு திரும்பும் நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, அனைத்துலக நோய் வகைப்பாட்டின்படி ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடுவது என் பணி. எழுதப்பட்ட ஒரு வரி அதன்பின் எங்கெல்லாம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தாதி சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, என் வாயிலிருந்து புறப்பட்டு அக்காவின் பதிவில் ஏறிவிட்ட அந்தத் ‘தொண்டை வலி’தான். மருந்தினால் வந்த நரம்புப் பாதிப்பு ஒன்று, கிருமித்தொற்றின் அறிகுறியாகப் பதிந்துவிட்டது. புற்றுநோயாளிகளின் பதிவுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, அவற்றிலிருந்து கணினியைக் கற்கவைத்து, அடுத்து வரும் நோயாளிக்கு இன்னும் பொருத்தமான சிகிச்சையைத் தர முடியும் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். முடியும் என்று நானும் உறுதியாக நம்புகிறேன். அப்படிக் கற்கும் கணினியின் முன் அக்காவின் அந்த வரி போய் நின்றால் அது எதைக் கற்கும் என்ற கேள்விதான் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பதிவுகளைச் சேர்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அக்காவின் சிகிச்சையையே சான்றாகக் காட்டுவேன். மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆறு மாதம் கீமோ கொடுப்பதுதான் நெடுங்கால வழக்கம். அக்காவுக்கு மூன்று மாதம், அதாவது நான்கு சுற்று போதும் என்றார்கள். செலவைக் குறைக்கவோ வயதைக் கருதியோ இப்படிச் சொல்கிறார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம் வந்தது. மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. ஆறு மாதமா மூன்று மாதமா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடி, வெவ்வேறு நாடுகளில் தனித்தனியாக நடந்த ஆறு ஆய்வுகளின் குழுவினர், தங்கள் தரவுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட முன்கூட்டியே உடன்பட்டிருந்தார்கள். ஐடியா என்ற பெயரில் 12 நாடுகளைச் சேர்ந்த 12,834 நோயாளிகளின் தரவு இப்படி ஒன்றுசேர்ந்து, 2018ல் முடிவு வெளியானது. நோய் குறைவாகப் பரவியிருந்தவர்களுக்கு, அதிலும் அக்காவுக்குக் கொடுத்த இந்த மருந்துச் சேர்க்கையைப் பெற்றவர்களுக்கு, மூன்று மாதமே ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவிலான நரம்புப் பாதிப்போ சுமார் 45 சதவீதத்திலிருந்து சுமார் 15 சதவீதமாகக் குறைந்தது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைத் துணிந்து சொல்ல ஒரே ஆய்வின் எண்ணிக்கை போதாது. முன்பின் அறியாத பன்னிரண்டாயிரம் பேரின் பதிவுகள் ஒரே இடத்தில் கூடியதால்தான், சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவின் விரல்களில் இன்று ஊசி நூல் கோக்கும் அளவுக்கு உணர்ச்சி மிஞ்சியிருக்கிறது.

ஆனாலும் அக்கா கேட்ட ஒரு கேள்விக்கு அதில் விடை இல்லை. அவருக்கு 20 ஆண்டுகளாக நீரிழிவு. நீரிழிவே கால் நரம்புகளை மரத்துப்போக வைக்கக்கூடியது. அதன்மேல் இந்த மருந்தும் சேர்ந்தால் என்னாகும் என்பது அவருடைய கவலை. “என்னை மாதிரி சக்கரை இருக்கிறவங்களுக்கு, நம்ம ஆளுங்களுக்கு, இந்த மருந்து எப்படி இருந்துச்சுன்னு கேளு,” என்றார். அந்த 12 நாடுகளில் ஆசியாவைச் சேர்ந்தது ஜப்பான் மட்டுமே. புற்றுநோய்க்கான மருந்தாய்வுகளில் சேரும் நோயாளிகள் எங்குமே சிறுபான்மையினர். வேறு நோய்கள் பல உள்ளவர்களும் முதியவர்களும் அவற்றில் இன்னும் குறைவு. ஆனால் நீரிழிவோடு இதே மருந்தைப் பெற்ற இந்தியப் பெண்கள் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இதற்கு முன் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. மருந்தின் அளவு மருந்தகப் பதிவில், கட்டியின் தன்மை நோயியல் அறிக்கையில், நீரிழிவின் அளவு பலதுறை மருந்தகத்தில், இரண்டு ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போய் விழுந்தது வேறொரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். சேர்த்துப் படிக்க ஆளில்லாததால், அக்காவின் கேள்வி விடையில்லாத கேள்வி ஆகிவிடுகிறது.

இந்தச் சேர்க்கும் வேலையில் சிங்கப்பூருக்கு நீண்ட அனுபவம் உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு தமிழர் இருந்தார் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. நோயியல் பேராசிரியரான கனகரத்தினம் சண்முகரத்தினம், அதாவது இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் தந்தை, சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவினார். 1968ஆம் ஆண்டு முதல் இத்தீவில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் அது கணக்கில் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். மருத்துவர்கள் தாமாக அனுப்பும் அறிவிப்பு, நோயியல் அறிக்கை, மருத்துவமனைப் பதிவு, இறப்புச் சான்றிதழ் என்று நான்கு பக்கத்திலிருந்தும் திரட்டி, ஒருவரை இருமுறை எண்ணிவிடாமல் ஒப்பிட்டுச் சேர்த்தார்கள். சீனர்களில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் கேன்டனீஸ் மக்களிடையே மிகுதி, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஹொக்கியன், தியோசியூ மக்களிடையே மிகுதி, வாய்ப் புற்றுநோய் வெற்றிலை பாக்குப் போடும் இந்தியப் பெண்களிடையே மிகுதி என்பதெல்லாம் அப்படிச் சேர்த்து எண்ணிய பிறகே தெளிவாகத் தெரிந்தன. என் பாட்டி வெற்றிலைப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தவர். அவர் தலைமுறையின் அந்தப் பழக்கம் எண்ணாக மாறிய பிறகுதான் அதன் ஆபத்து பேசப்பட்டது. 2007ல் இயற்றப்பட்ட தேசிய நோய்ப் பதிவகங்கள் சட்டத்தின் கீழ், புற்றுநோயைப் பதிவகத்துக்கு அறிவிப்பது பின்னர் கட்டாயமாயிற்று.

ஒருவரின் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்துவது சிறிய வேலையில்லை. அதிலும் நம் பெயர்கள் படும் பாடு சொல்லி மாளாது. தந்தை பெயரை முன்னால் எழுதுவார் ஒருவர், பின்னால் எழுதுவார் மற்றொருவர். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று குறிக்கும் எழுத்துகள் ஒரு பதிவில் இருக்கும், மறுபதிவில் விடுபட்டிருக்கும். திருமணத்துக்குப் பிறகு சிலர் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே அம்மாள் மூன்று பெயரில் மூன்று பேராக நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடையாள அட்டை எண் என்ற ஒற்றை நூல் இருப்பதால்தான் இங்கே அந்த மணிகளைக் கோக்க முடிகிறது. 2011ல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு, ஒருவரின் முக்கிய மருத்துவ விவரங்களை வெவ்வேறு மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பார்க்க வழி செய்தது. அதுவே மற்ற பல நாடுகளுக்கு இன்னும் கைகூடாத வசதி.

இயந்திரக் கற்றல் என்பது இந்த எண்ணும் வேலைக்கு அடுத்த படி. பதிவகம் ‘இத்தனை பேருக்கு வந்தது, இத்தனை பேர் ஐந்தாண்டு உயிரோடிருந்தார்கள்’ என்று சொல்லும். கற்கும் கணினி, முடிவு தெரிந்த ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளின் விவரங்களை எடுத்துக்கொண்டு, எந்தெந்த விவரங்கள் சேர்ந்து வந்தபோது எந்த முடிவு நேர்ந்தது என்ற ஒழுங்கைத் தேடும்; பிறகு முடிவு தெரியாத புதிய நோயாளிக்கு அந்த ஒழுங்கைப் பொருத்தி, இன்னது நேர வாய்ப்பு இவ்வளவு என்று மதிப்பிடும். வயது, எடை, சிறுநீரகத்தின் திறன், இரத்த அணுக்கள், உடனிருக்கும் நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் என்று ஒரு மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்த முடியாத அளவு விவரங்களை அது சேர்த்துப் பார்க்கும். அதில் மந்திரம் ஏதுமில்லை. பல்லாண்டு அனுபவமுள்ள மூத்த தாதி ஒருவர், ‘இந்த அம்மா ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுவாங்க, முகமே சரியில்ல’ என்று சொல்வாரே, ஏறக்குறைய அதே அறிவுதான். ஆனால் அந்தத் தாதி வேலையில் இல்லாத நாளிலும் அது கிடைக்கும்.

இதற்கு நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரில் சிலர் நடுவில் உடல்நிலை மோசமாகி அவசரப் பிரிவுக்குப் போக நேரிடும். யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று மின்னியல் பதிவுகளிலிருந்து கற்ற கணினி குறித்துக் கொடுத்தது. அப்படிக் குறிக்கப்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வழக்கம்போல் வாரம் ஒருமுறையும் மற்றப் பிரிவினரை வாரம் இருமுறையும் மருத்துவக் குழுவினர் பார்த்தார்கள். 2020ல் வெளியான முடிவின்படி, அவசரப் பிரிவுக்கோ மருத்துவமனைப் படுக்கைக்கோ போகவேண்டி வந்தவர்களின் விகிதம் 22.3 சதவீதத்திலிருந்து 12.3 சதவீதமாகக் குறைந்தது. இங்கே நோயைக் குணப்படுத்தியது கணினி என்று யாரும் சொல்ல முடியாது. யாரைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று அது விரல் நீட்டியது. வாரத்தில் இன்னொரு நாள் உட்கார்ந்து நோயாளியிடம் பேசியவர்கள் மனிதர்கள். எனக்கு இந்த ஆய்வு பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

மரபணுவிலும் இதே கதை நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின் என்னும் மாத்திரையை நெடுநாள் கொடுப்பார்கள். சில குழந்தைகளுக்கு வழக்கமான அளவே நஞ்சாகி, வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். ஐரோப்பிய வம்சாவளியினரை ஆராய்ந்து டிபிஎம்டி என்னும் மரபணுவில் அதற்குக் காரணம் கண்டிருந்தார்கள். ஆனால் கிழக்காசியக் குழந்தைகள் பலர், அந்த மரபணு சரியாக இருந்தும், மருந்தைத் தாங்க முடியாமல் துன்பப்பட்டார்கள். சிங்கப்பூர், ஜப்பான், குவாத்தமாலா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து 2016ல் வெளியிட்ட ஆய்வு, என்யூடிடி15 என்னும் வேறொரு மரபணுவின் மாற்றங்கள் அந்தப் பாதிப்பை எப்படி உண்டாக்குகின்றன என்பதைத் தெளிவாக்கியது. இப்போது அந்த மரபணுவைச் சோதித்து, மாற்றம் இருந்தால் மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்க முடிகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் பதிவுகளை மட்டும் மலைபோல் குவித்திருந்தால் இது எளிதில் கண்ணில் பட்டிருக்காது. அக்கா சாப்பிட்ட கேப்சிடபின் மாத்திரைக்கும் இப்படி ஒரு மரபணுச் சோதனை உண்டு. ஆனால் வழக்கமாகச் சோதிக்கப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பியரிடையே கண்டறியப்பட்டவை. நம்மவரிடையே உள்ள மாற்றங்கள் எவை என்று தெரியவேண்டுமானால் நம்மவரின் தரவு வேண்டும். 2019ல் வெளியான சிங்கப்பூர் மரபணு ஆய்வு ஒன்றில் 4,810 பேரின் முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டது. அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். மக்கள்தொகையில் நம் பங்கைவிட இது கூடுதலான விகிதம். சிறிய சமூகம் காணாமல் போய்விடக்கூடாது என்று எண்ணினால் இப்படித்தான் செய்யவேண்டும். அதன்பின் 100,000 பேரை இலக்காகக் கொண்டு எஸ்ஜி100கே என்னும் பெரிய முயற்சியும் தொடங்கியது.

இனி என் ‘தொண்டை வலி’க்குத் திரும்புகிறேன். எழுதியதைத்தான் கணினி கற்கும். எழுதாததும் தவறாக எழுதியதும் அதற்கு உண்மையே. 2019ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை வேதனை தரும் வகையில் காட்டியது. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கண்டறிய அங்கே பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை, நோயின் கடுமையை நேரடியாக அளக்காமல், ஒருவருக்கு ஆன மருத்துவச் செலவை அதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தவர் அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு. ஆகவே அவர்களுக்குத் தேவையும் குறைவு என்று கணினி கற்றுக்கொண்டது. யாரும் தீய எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. மார்பு எக்ஸ்ரே படங்களில் நிமோனியாவைக் கண்டறியக் கற்ற ஒரு முறையை 2018ல் சோதித்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் அது அறிந்துகொண்டிருந்தது தெரிந்தது. நிமோனியா நோயாளிகள் மிகுதியாக வரும் மருத்துவமனையின் படமென்றால் நோய் இருக்கும் என்ற குறுக்கு வழி அதற்குத் திறந்திருந்தது.

அக்காவின் நிலையில் இதை எண்ணிப் பாருங்கள். கீமோ பெறுவோரில் யாருக்குக் கிருமித்தொற்று வரப்போகிறது என்று கணிக்கும் முறை ஒன்றுக்கு, தொண்டை வலி என்பது மிகவும் எடையுள்ள அறிகுறி. அக்காவுக்குத் தொற்று வரவில்லை. ஆக, தமிழ் பேசும் முதிய பெண்கள் சொல்லும் தொண்டை வலி பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அது கற்கலாம். நாளைக்கு உண்மையாகவே தொண்டையில் தொற்று வந்து, வெள்ளையணுக்கள் விழுந்து கிடக்கும் இன்னொரு தமிழ்ப் பெண்மணிக்கு அது ஆபத்து. அதே நேரம், நரம்புப் பாதிப்பைக் கணிக்கும் முறை ஒன்றுக்கு, அக்கா முதல் சுற்றிலேயே பாதிப்பு தெரியாதவர். நீரிழிவு உள்ள இந்தியப் பெண்ணுக்கு இந்த மருந்து தொடக்கத்தில் ஒன்றும் செய்யவில்லை என்ற பொய்க்கு, என் மொழிபெயர்ப்பு ஒரு சாட்சியாகிவிட்டது. ஆயிரம் ஆயிரம் வரிகளில் ஒரு வரி பிழையானால் என்ன என்று கேட்கலாம். பெரும்பான்மைச் சமூகத்துக்கு அது சரிதான். சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர்கள் 2020 கணக்கெடுப்பின்படி 9 சதவீதம், சுமார் 360,000 பேர். அவர்களில் பெண்கள், அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்கள், அவர்களில் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள், அவர்களில் நீரிழிவும் உள்ளவர்கள், அவர்களில் இதே மருந்தைப் பெற்றவர்கள் என்று சலித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கையில் நிற்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவரின் வரி பிழையானால் அது சிறிய பிழையாக இருக்காது.

நம் சொற்கள் வேறு. கிறுகிறுப்பு, தலைசுற்றல், மயக்கம் மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் சொல்லிவிடுகிறோம். ‘உடம்பு முடியல’ என்பதில் அசதி இருக்கலாம், வலி இருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம். ‘கை மரத்துப்போச்சு’ என்றால் உணர்ச்சி இல்லை என்று பொருள்; ‘கை விறுவிறுங்குது’ என்றால் உணர்ச்சி மிகுந்து தொல்லை தருகிறது என்று பொருள்; நரம்புப் பாதிப்பின் இருவேறு படிகள் இவை. வீட்டிலிருந்து கூட வரும் பிள்ளைகளோ தம்பி தங்கைகளோ அந்த அவசரத்தில் தங்களுக்குத் தெரிந்த மிக எளிய ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 29 ஆண்டுகள் மருத்துவக் குறிப்புகளோடு வாழ்ந்த நானே அதைத்தான் செய்தேன். நோயாளியே தம் தொந்தரவுகளை நேரடியாகப் பதிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் நடந்த ஆய்வு நல்ல சான்று. முற்றிய புற்றுநோயுள்ள 766 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், தங்கள் அறிகுறிகளைக் கணினி வழியாகத் தாங்களே தொடர்ந்து தெரிவித்தவர்கள் உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை 31.2 மாதம், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கு 26 மாதம் என்று 2017ல் வெளியிட்டார்கள். அறிகுறியை உள்ளபடி, உரிய நேரத்தில் எழுதியதற்கு ஐந்து மாதம். தமிழில் கேட்டு, தமிழில் விடை வாங்கி, அதை நுட்பம் குறையாமல் பதிவில் சேர்க்கும் ஏற்பாடு ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் வீடுகளில் புற்றுநோயை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது கேள்வி வரும், வேலையிடத்தில் தெரிந்துவிடும், காப்புறுதி கிடைக்காது என்ற பயங்கள் வெறும் கற்பனையும் இல்லை. 2018ல் சிங்ஹெல்த் என்னும் பொது மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் 1.5 மில்லியன் பேரின் சொந்த விவரங்களும், அவர்களில் சுமார் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் களவு போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதும் முழு உண்மையில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியபோது, லட்டான்யா சுவீனி என்ற மாணவி, வாக்காளர் பட்டியலிலிருந்த பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை ஒப்பிட்டே அம்மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவை அடையாளம் கண்டார். இது 1990களில் நடந்தது. எங்கள் புளோக்கின் அஞ்சல் குறியீட்டில் 66 வயது இந்தியப் பெண் என்றால் அக்கா ஒருவர்தான் இருப்பார். சிறிய சமூகமாக இருப்பதால் நம் பதிவு அதிகம் தேவைப்படுகிறது; அதே காரணத்தால் நம்மை எளிதில் அடையாளம் கண்டுவிடவும் முடிகிறது. இரண்டும் ஒருசேர உண்மை என்பதைத் தரவு கேட்பவர்கள் முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது என் கருத்து.

ஒப்புக்கொண்டு வழி தேடுபவர்களும் இருக்கிறார்கள். தரவை ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல், கற்கும் கணிப்பு முறையை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அனுப்பி, அங்கேயே கற்கவைத்து, கற்றதன் சாரத்தை மட்டும் திரும்ப எடுத்துச் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. நோயாளியின் பதிவு அந்த மருத்துவமனையின் கதவைத் தாண்டாது. இங்கே டிரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் தளத்தில், அடையாளம் நீக்கப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பான சூழலுக்குள் வைத்து ஆய்வாளர்கள் ஆராய ஏற்பாடு இருக்கிறது. மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் கேட்பதற்குச் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021ல் கட்டுப்பாடு விதித்தன. சில விதிவிலக்குகள் இருந்தாலும் அது எனக்கு ஆறுதல் தந்த செய்தி. பூட்டு உடையவே உடையாது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் பதிவுகள் சேராமலே கிடந்தால் அக்காவைப் போன்றவர்களுக்கு நேரும் இழப்பு இன்றே, ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் எடைபோட்டு நான் சேர்ப்பதன் பக்கமே நிற்கிறேன்.

மூன்றாவது சுற்றின் மறுநாளே அக்காவுக்குக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தொந்தரவு வரும்போது தேதி, நேரம், தம் சொல்லிலேயே அது எப்படி இருந்தது என்பதை அவர் எழுதுவார். நான்காவது சுற்றுக்குப் போனபோது மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, நான் மொழிபெயர்த்தது தவறு, பழைய குறிப்பைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். ஏற்கெனவே எழுதியதை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது என்பதை நான் அறிவேன். திருத்தக் குறிப்பு ஒன்றைச் சேர்க்கலாம். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. நோட்டிலிருந்த வரிகளை நான் ஒவ்வொன்றாகப் படித்து, ஒரே சொல்லில் அடக்காமல் முழு வாக்கியமாக மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்களை எண்ணி எனக்குக் கூச்சமாகவும் இருந்தது.

சிகிச்சை முடிந்தபின் அக்காவின் பதிவுகளையும் திசு மாதிரியையும் ஆய்வுக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளராக வந்த இளம்பெண்ணிடம் அக்கா மூன்று கேள்வி கேட்டார். என் பெயர் தெரியுமா, வேண்டாமென்றால் பிறகு விலகிக்கொள்ளலாமா, எனக்கு எதாவது தெரியவந்தால் சொல்வீர்களா. முதல் இரண்டுக்கும் அந்தப் பெண் உடனே விடை சொன்னார். மூன்றாவதைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி, மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். தனிப்பட்ட முடிவு எதுவும் திரும்பச் சொல்லப்படாது என்றார். நான் மொழிபெயர்க்கத் தொடங்குமுன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அந்த நோட்டையும் சேர்த்து எடுத்துக்குவாங்களான்னு கேளு,” என்றார். நோட்டுக்குப் படிவத்தில் இடமில்லை. படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். நோட்டு இன்னும் அக்கா வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கால் விரல் நுனியில் மரமரப்பு எஞ்சியிருக்கும் நாள்களில் அவர் இன்றும் அதில் எழுதுகிறார்.